பீட்டில்ஸ் 'லெட் இட் பீ' சூப்பர் டீலக்ஸ் பெட்டி: மூணாவது டிஸ்கை முதல்ல போடுங்க

தக்கலையில மைக் செட் வாடகைக்கு விடுறது என் தொழில். கோயில் கொடை, சர்ச் கன்வென்ஷன், கல்யாண வீடு, கட்சிக் கூட்டம்னு எல்லாத்துக்கும் போவோம். அதனால இங்கிலாந்து பாட்டுக் குழு பீட்டில்ஸோட 'லெட் இட் பீ' ஆல்பத்துக்கு வந்த இந்தப் பெட்டியை மிக்ஸருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவன் காதாலதான் கேட்டிருக்கேன். 2021 அக்டோபர் 15-ல வெளிவந்தது. அஞ்சு சிடி, ஒரு புளூரே, 105 பக்கத்துக்குக் கெட்டி அட்டைப் புத்தகம். தோகாவில இருக்கிற மச்சான் லீவுக்கு வந்தப்போ கொண்டுவந்து தந்தார்.

முதல் டிஸ்க், 1970-ல வந்த அதே ஆல்பத்தை தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டினும் இஞ்சினியர் சாம் ஓகெலும் புதுசா மிக்ஸ் பண்ணினது. பேஸ் தனியா எடுத்து நிக்குது, டிரம்மர் ரிங்கோ அடிக்கும்போது டிரம்ஸ் தோலோட சத்தம் தெரியுது. நல்ல வேலை. ஆனா நான் பேச வந்தது ரெண்டாவது, மூணாவது டிஸ்க்குகளைப் பத்தி. இதுவரை வெளிவராத 27 பதிவுகள் இந்த ரெண்டுலயும்தான் இருக்கு.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிடுறேன். 1969 ஜனவரி 2-ம் தேதி லண்டன் ட்விக்கன்ஹாம் ஃபிலிம் ஸ்டுடியோல பீட்டில்ஸ் நாலு பேரும் (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) புதுப் பாட்டுகளுக்கு ரிகர்சல் ஆரம்பிக்கிறாங்க, அதைப் படமாவும் எடுக்கிறாங்க. அது சினிமா ஷூட்டிங் நடக்கிற பெரிய கொட்டகை, பாட்டு பதிவு பண்ற இடம் இல்ல. அங்க பிடிச்ச சத்தமெல்லாம் படப்பிடிப்புக் குழுவோட நாக்ரா டேப் ரெக்கார்டர்ல மோனோவா, அதாவது எல்லாச் சத்தமும் ஒரே தடத்துல, விழுந்ததுதான். ஜனவரி 10-ம் தேதி ஜார்ஜ் ஹாரிசன் கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டார். அவர் திரும்பி வரும்போது இடமும் மாறுது: லண்டன் சவில் ரோ தெருவுல 3-ம் நம்பர் கட்டிடம், அவங்களோட சொந்த இசைக் கம்பெனி ஆப்பிளோட (போன் கம்பெனி இல்ல) தரைக்குக் கீழ இருக்கிற தளம். அங்க அலெக்ஸ்னு ஒருத்தர் 72 டிராக் (72 தடத்துல தனித்தனியா பதிவு பண்ற) ஸ்டுடியோ கட்டித் தர்றேன்னு சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தா எதுவும் வேலைக்கு ஆகல. கடைசியில இஎம்ஐ ரெக்கார்டு கம்பெனியில இருந்து மிஷின்களை இரவல் வாங்கி வந்து வேலையைத் தொடங்கினாங்க. பார்ட்டி வந்து மேடை ஏறின பிறகு செட் பேசலைன்னா எப்படி வயித்தைக் கலக்கும்னு என் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். இதை வாசிச்சதிலிருந்து அங்க பதிவு வேலை பார்த்த இஞ்சினியர் கிளின் ஜான்ஸ் மேல எனக்கு ரொம்ப மரியாதை.

இப்போ மூணாவது டிஸ்க். ரிகர்சல்களும் சும்மா சேர்ந்து வாசிச்சதும்தான். ட்விக்கன்ஹாம் பதிவுகள் மோனோ, கொட்டகையோட எதிரொலி கூடவே வருது, குரல் ஒரு நேரம் கிட்ட, ஒரு நேரம் தூர. ஹெட்போன் வச்சுக் கேட்டா அந்த ஹால் எவ்வளவு பெருசு, எவ்வளவு வெறுமைன்னு தெரியும். அதையெல்லாம் துடைச்சு எடுக்காம விட்டதுக்கு ஜைல்ஸ் மார்ட்டினுக்கு நன்றி சொல்லணும்.

'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ரிகர்சலைக் கேளுங்க. ஜார்ஜ் கொண்டுவந்த பாட்டு. மத்தவங்க கூடச் சேர்ந்து பாடத்தான் செய்றாங்க, ஆனா யாரும் அதைத் தூக்கிப் பிடிக்கல. இந்தப் பாட்டு பீட்டில்ஸ் ஆல்பம் எதுலயும் வரல. 1970 நவம்பர்ல ஜார்ஜ் தனியா ஒரு மூணு தட்டு ஆல்பம் போட்டு, அதுக்கு இதே பேரை வச்சார். அது தெரிஞ்சிட்டு இந்த ரிகர்சலைக் கேட்டா மனசு பாரமாயிடுது.

என்னை நிறுத்தி வச்சுக் கேட்க வச்சது 'சம்திங்' ரிகர்சல். ஜார்ஜுக்கு ஒரு வரியில ஒரு சொல் வந்து விழமாட்டேங்குது. என்ன போடலாம்னு கேட்கிறார். ஜான் லெனன் சொல்றார், ஒவ்வொரு தடவையும் வாயில வர்றதைச் சொல்லு, 'காலிஃபிளவர் மாதிரி'ன்னு பாடு, சரியான சொல் கிடைக்கிற வரைக்கும். நம்ம ஆளுங்க மெட்டுக்குத் தத்தகாரம் போட்டு இடத்தைப் பிடிச்சு வைப்பாங்களே, அதே வேலை. உலகமே பாடின ஒரு காதல் பாட்டு, காலிஃபிளவரை வச்சுக்கிட்டு தன் சொல்லுக்காகக் காத்திருந்திருக்கு! பாட்டு எழுதுற பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த ஒரு டிராக்கைப் போட்டுக் காட்டணும்னு எனக்கு ஆசை.

ஜனவரி 22-ம் தேதி அமெரிக்க கீபோர்டு கலைஞர் பில்லி பிரஸ்டன் வந்து எலக்ட்ரிக் பியானோவுல உட்கார்ந்ததும் மொத்தக் காற்றும் மாறிடுது. 'கெட் பேக்' எட்டாவது டேக்கையும் (எட்டாவது தடவை வாசிச்சுப் பதிவானது), ஜானும் ரிங்கோவும் கூட வாசிக்க பில்லியே பாடுற 'விதௌட் எ சாங்'கையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. வெளியாள் ஒருத்தர் அறைக்குள்ள வந்ததும் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சு வாசிக்கிறது நல்லா கேட்குது. 'கெட் பேக்' சிங்கிளா (தனிப் பாட்டுத் தட்டா) வெளிவந்தப்போ 'பீட்டில்ஸ் வித் பில்லி பிரஸ்டன்'னு பேர் போட்டாங்க. போட வேண்டிய பேர்தான்.

என்கூட செட் கட்ட வர்ற தம்பிக்கு இங்கிலீஷ் பாட்டு பழக்கமே கிடையாது. கடையில இது ஓடிட்டிருந்தப்போ ஒயரைச் சுத்திக்கிட்டே, "அண்ணே, இவங்க யாரும் பாக்கலன்னு நினைச்சுப் பாடுறாங்க, அதான் நல்லாருக்கு"ன்னான். அவங்களைச் சுத்தி கேமரா நின்னுச்சு. இருந்தாலும் அவன் சொன்னது சரி. கிறிஸ்மஸுக்கு முன்னாடி கொயர் பிராக்டீஸுக்கு நான் மைக் வைக்கிறதுண்டு. டெனர் குரல் பாடுறவங்க பார்ட்டை விட்டுட்டு, அப்புறம் பிடிச்சு, நாலு பார்ட்டும் முதல் தடவையா ஒண்ணு சேர்ற அந்த நிமிஷம் பண்டிகை நாள் பாட்டுல திரும்ப வராது. பாட்டு உருவாகுறது பிராக்டீஸ்லதான்னு நான் மனசார நம்புறவன்.

ரெண்டாவது டிஸ்க் சவில் ரோ பதிவுகள். 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' 19-வது டேக் இதுல இருக்கு. 1970 ஏப்ரல்ல தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் சேர்த்த வயலின் கூட்டமும் பெண்கள் கோரஸும் இதுல இல்ல. பியானோவும் பால் மெக்கார்ட்னி குரலும்தான் முன்னால நிக்குது. என் காதுக்கு இதுதான் பாட்டு. மத்ததெல்லாம் சுமாரான டேக்குகள், சில இடத்துல உற்சாகம்.

நாலாவது டிஸ்க், 1969 மே மாசம் கிளின் ஜான்ஸ் கட்டின 'கெட் பேக்' ஆல்பம். தப்பான தொடக்கம், நடுவுல பேச்சு எல்லாத்தையும் அப்படியே விட்டு மிக்ஸ் பண்ணியிருக்கார். பேண்டுக்குப் பிடிக்கல, ஒதுக்கி வச்சுட்டாங்க. முறையா வெளிவர 52 வருஷம் ஆச்சு. வெளிவந்த ஆல்பத்தைவிட இதையே நான் விரும்பிக் கேட்கிறேன்.

குறை சொல்லாம இருக்க முடியாது. 1969 ஜனவரி மாசத்துல பதிவான டேப் சுமார் 150 மணி நேரம். ஒரு சிடியில 74 நிமிஷம் தாராளமா பிடிக்கும். மூணாவது டிஸ்க்குல இருக்கிறதோ ஒரு மணி நேரம்கூட இல்ல. 'கிம்மி சம் ட்ரூத்' சூடு பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகுது. அஞ்சாவது டிஸ்க்குல நாலே நாலு பாட்டு. ஜனவரி 30-ம் தேதி ஆப்பிள் கட்டிடத்து மொட்டை மாடியில வாசிச்ச முழுக் கச்சேரியும் பெட்டியில கிடையாது, அதுல இருந்து 'டோன்ட் லெட் மீ டவுன்' மாதிரி துண்டுகள்தான். இவ்வளவு காசு வாங்கிட்டு அதை விட்டது எனக்கு ஏற்கவே முடியல. 2022 ஜனவரி 28-ல அது தனியா ஸ்ட்ரீமிங்ல வந்துச்சு.

புத்தகத்துல ஈத்தன் ரஸ்ஸலும் லிண்டா மெக்கார்ட்னியும் எடுத்த படங்கள் இருக்கு. மைக் எந்த இடத்துல, ஆம்ப் எந்தப் பக்கம்னு பார்த்துக்கிட்டே கேட்க முடியுது. அந்தப் படங்கள் வேணும்கிறவங்க பெட்டியை வாங்குங்க. பாட்டு மட்டும் போதும்னா அஞ்சு டிஸ்க்கும் ஸ்ட்ரீமிங்ல இருக்கு. போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேட்காதீங்க, அந்த ட்விக்கன்ஹாம் எதிரொலி அதுல கேட்காது.