கையில் என்ன புத்தகம்? ஒரு வாசிப்புக் குழுவில் ஆறு வருஷம்

2020 மே மாதம், ஊரடங்கில் மதுரையில் புத்தகக் கடை, நூலகம் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது ஏழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். யாரிடம் என்ன புத்தகம் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ள முடியுமா என்பது மட்டும்தான் அப்போது பேச்சு. நடுவில் 64 பேர் வரை போய், இன்று 17 பேரில் நிற்கிறது. இதே மாதிரி ஒன்று ஆரம்பிக்கலாமா என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

குழுவில் ஒரே ஒரு வேலைதான் கட்டாயம். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு "கையில் என்ன?" என்று ஒருத்தர் கேட்பார், மற்றவர்கள் ஒரு வரி போட வேண்டும்: புத்தகத்தின் பெயர், எத்தனாம் பக்கம், மேலே வாசிப்பதாக உத்தேசமா இல்லையா. ஒன்றும் வாசிக்கவில்லை என்றால் "சும்மா" என்று போட்டாலும் சரி. என் கணக்கில் ஒரு வருஷத்தில் பன்னிரண்டு தடவையாவது "சும்மா" போட்டிருக்கிறேன், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காலை வணக்கம் கிடையாது, ஃபார்வர்டு கிடையாது.

முதலில் இப்படி இல்லை. முடித்த புத்தகத்துக்கு விமர்சனம் எழுதிப் போட வேண்டும் என்றுதான் வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் குழு செத்துப்போகப் பார்த்தது. ஒரு நாவலை முடித்தவர் நாலு பத்தி எழுதுவார், எல்லாரும் கை கூப்பும் பொம்மை போடுவார்கள், அதோடு சரி. யாரும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போகவில்லை. முடித்த பிறகு எழுதும்போது நாம் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகிவிடுகிறோம் போல, பாதியில் எவ்வளவு கொட்டாவி விட்டோம், எந்த இடத்தில் தூக்கிப் போட நினைத்தோம் என்பதையெல்லாம் மறைத்துவிடுகிறோம். அடுத்தவருக்குத் தேவைப்படுவது அதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலை நான் இரண்டு முறை ஆரம்பித்துக் கீழே வைத்தவன். நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலம், 1948ல் இந்தியாவோடு இணைகிற சமயம், செகந்திராபாத்தில் ஒரு தமிழ்ப் பையன். இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும், தெரிந்தும் உள்ளே போக முடியவில்லை. ஒரு ஞாயிறு எங்கள் குழுவில் ஒரு அக்கா, ஒத்தக்கடைப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர், இப்படி ஒரு வரி போட்டார்: "நாப்பதாம் பக்கம். ஊரே பத்திக்கிட்டு எரியப் போகுதுன்னு தெரியுது, இவன் கிரிக்கெட் பத்தியே பேசிக்கிட்டு இருக்கான். கோபமா வருது, ஆனா வைக்க முடியல." அவ்வளவுதான். எனக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது. அந்தப் பராக்குதான் நாவலே என்று எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. அந்த வாரமே எடுத்தேன், ஐந்து நாளில் முடித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒருத்தர் முடிவைப் போட்டு உடைத்தார், அதுவும் அந்த அக்கா இன்னும் முப்பது பக்கம் வைத்திருந்தபோது. "சார், உங்க வீட்டு இட்லிய நான் கடிச்சுக் குடுத்தா நல்லா இருக்குமா?" என்று அக்கா கேட்டது இன்றும் குழுவில் பழமொழி. யாராவது கதையின் கடைசிப் பக்கம் போனால் "இட்லி, இட்லி" என்று நாலு பேர் எழுதிவிடுவார்கள்.

சரி, பரிந்துரை விஷயத்துக்கு வருகிறேன். "நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால் பதில் 'பொன்னியின் செல்வன்'. எங்கே கேட்டாலும், எந்த வயதுக்காரர் கேட்டாலும். நான் அந்தப் புத்தகத்துக்கு எதிரி இல்லை, 1950 முதல் 1954 வரை கல்கியில் வாரா வாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த கட்டு எங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தது, அதில்தான் நானும் வாசித்தேன். ஆனால் கேட்டவர் யார் என்று பார்க்காமல் நீட்டினால் அது பரிந்துரை இல்லை, பிரசாதம். 2022ல் படம் வந்த சமயத்தில்தான் எங்கள் எண்ணிக்கை 64ஐத் தொட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு "இதே மாதிரி அடுத்தது?" என்று கேட்டார்கள், எங்களால் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை, மெல்ல விலகிப் போனார்கள். எங்கள் தோல்விதான் அது. அவர்களுக்கு சோழர் வேண்டுமா, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் திருப்பம் வேண்டுமா, அல்லது நந்தினி மாதிரி ஒரு பெண் வேண்டுமா என்று யாருமே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கேட்கிறவர் மூன்று விவரம் தர வேண்டும் என்று வைத்தோம். கடைசியாகப் பிடித்தது எது, கடைசியாகப் பாதியில் விட்டது எது, இப்போது எந்த நிலைமையில் வாசிக்கப் போகிறீர்கள். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். எங்கள் பல் டாக்டர் தன் அம்மாவுக்காகக் கேட்டது இப்படி: வயது 68, ராணிமுத்து வாசித்து வளர்ந்தவர், கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், படுத்துக்கொண்டு பிடிக்கிற எடையில் இருக்க வேண்டும், யாரும் சாகக் கூடாது. பத்து நிமிஷத்தில் ஒன்பது பதில். கடைசி நிபந்தனையில் ஆறு அடிபட்டுப் போனது. நவீன தமிழ் இலக்கியத்தில் யாரும் சாகாத புத்தகம் தேடிப் பாருங்கள், கஷ்டம் தெரியும்.

நம்ம சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதி வைத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது அதில் இரண்டும் மூன்றும். நாங்கள் ரெண்டு வருஷம் முட்டி மோதிக் கண்டுபிடித்ததை அவர் எப்போதோ ரெண்டு வரியில் முடித்திருக்கிறார்.

இன்னொரு விஷயம், இது எனக்கே பிந்தித்தான் புரிந்தது. ரசனை ஒத்துப்போகிறவரை விட, எதிராக இருக்கிறவர் அதிகம் உதவுகிறார், அவர் ஒரே சீராக எதிராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் குழுவில் உண்டு, எல்லாருக்கும் அண்ணன். அவர் "இழுவை" என்றால் எனக்கு விருந்து. அவர் "சும்மா பறக்குதுப்பா" என்றால் நான் தொடமாட்டேன். ஆறு வருஷத்தில் இது நாலு தடவைதான் தப்பியது. ஒருமுறை இதை அவரிடமே சொன்னேன். "எனக்கும் அதே கணக்குதான் தம்பி, நீ பாராட்டுனா நான் கிட்டயே போறதில்ல" என்றார்.

நட்சத்திரம் போடும் இணையதளம் ஒன்றிலும் நாலு வருஷம் கணக்கு வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். இந்த வருஷம் இத்தனை புத்தகம் என்று இலக்கு வைக்கச் சொல்லும், நானும் 52 என்று வைத்தேன். எட்டினேன் கூட. எப்படி என்றால், அந்த வருஷம் 150 பக்கத்துக்கு மேல் உள்ள எதையும் கையில் எடுக்கவே பயந்தேன். தமிழ்ப் புத்தகங்களுக்கு அங்கே வேறொரு சிக்கல். நாட்டுடைமை ஆன நூல் என்றால் ஆளாளுக்குப் பதிப்பிக்கிறார்கள், அதே தலைப்பைத் தமிழிலும் இங்கிலீஷ் எழுத்தில் ரெண்டு மூன்று விதமாகவும் ஏற்றி வைத்திருப்பார்கள், வாசகர் கருத்து அத்தனையிலும் சிதறிக் கிடக்கும். இப்போது எந்த வருஷம் எதை வாசித்தேன் என்று பார்த்துக்கொள்ள மட்டும் வைத்திருக்கிறேன். அதற்கு நல்லது. என் ஞாபக சக்திக்கு அது தேவை.

வாட்ஸ்அப்பிலும் குறை உண்டு. 'மோகமுள்' என்று தேடினால் 'மோக முள்' என்று இடம் விட்டு எழுதியது வராது. 2023ல் போன் மாற்றும்போது நான் பேக்கப் எடுக்க மறந்து மூன்று வருஷப் பேச்சைத் தொலைத்தேன். அப்புறம்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிடித்த வரியை ஞாயிறு ராத்திரியே எழுதி வைக்க ஆரம்பித்தேன். நோட்டுதான் இதுவரை கைவிடவில்லை.

பிடிஎஃப் சண்டை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021ல் ஒருத்தர், உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் நாவலை ஸ்கேன் செய்து குழுவில் போட்டார். நல்ல எண்ணம்தான், ஊரடங்கில் வாங்க முடியாதவர்களுக்கு என்று. குழுவில் இருந்த ஒருவர் சின்ன அளவில் பதிப்பகம் நடத்துபவர், முன்னூறு பிரதி விற்க மூன்று வருஷம் ஆகிறது என்று அவர் கொட்டித் தீர்த்தார். ராத்திரி ஒரு மணி வரை போனது. ரெண்டு பேர் வெளியேறினார்கள், அதில் ஒருவர் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து கோப்பு போடுவது இல்லை, இணைப்பு மட்டும்தான். இலவசமாக வேண்டுமென்றால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டம் 1998லிருந்து இருக்கிறது, நாட்டுடைமை நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது, அதிலேயே ஒரு ஆயுசுக்கு வாசிக்கலாம்.

கிண்டில் 2016 கடைசியில் தமிழுக்கு வந்த பிறகு எங்களில் ஐந்து பேர் அதற்கு மாறிவிட்டார்கள். அவர்கள் "37 சதவீதம்" என்று போடுவார்கள். கடன் வாங்க முடியாது என்பதால் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் கடுப்பு.

அச்சுப் புத்தகம் மாற்றிக்கொள்வதில் நாங்கள் படாத பாடு இல்லை. முதல் ரெண்டு வருஷத்தில் என்னிடமிருந்து போய்த் திரும்பாதவை பதினொன்று. பிறகு, முதல் பக்கத்தில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி, அட்டையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்ட பிறகுதான் கை மாற்றுவது என்று ஆனது. அறுபது நாள் கெடு. வெளியூர் போன உறுப்பினர்களுக்குப் பதிவு நூல் அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தோம், மலிவு. 2024 டிசம்பரில் அந்தச் சேவை நின்றுவிட்டது, இப்போது யாராவது பெங்களூருக்கோ திருநெல்வேலிக்கோ போகிறார்களா என்று காத்திருந்து கொடுத்து விடுகிறோம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வந்தால் பட்டியல் போட்டுக்கொண்டு போவோம், ஒரே புத்தகத்தை ரெண்டு பேர் வாங்கக் கூடாது. பத்து சதவீதத் தள்ளுபடியை விட இதில்தான் காசு மிச்சம். 2023 ஜூலையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடுகிறோம், உள்ளே வாசிப்பு, பேச்சு வெளியே டீக்கடையில்.

அதிகம் கை மாறியது பூமணியின் 'அஞ்ஞாடி'. 2014ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது, ஆயிரம் பக்கத்துக்கு மேல், கழுகுமலை சிவகாசி வட்டாரத்துக் கரிசல் நிலத்தின் கதை. இதற்கு மட்டும் அறுபது நாள் கெடுவைத் தளர்த்தினோம், தளர்த்தாமல் எப்படி. என் பிரதி ஐந்து பேரிடம் போய்ப் பதினாலு மாதம் கழித்துத் திரும்பியது. உள்ளே பாத்திரங்களின் பெயரை உறவுமுறையோடு எழுதிய ஒரு தாள், யாரோ ஆரம்பித்து, அடுத்து வந்தவர்கள் வேறு வேறு மையில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பஸ் டிக்கெட். நடுவில் எங்கோ மஞ்சள் கறை. யார் என்று கேட்டேன், ஐந்து பேரும் மற்ற நாலு பேரைக் காட்டினார்கள்.

தினம் பேச வேண்டும் என்பவர்களுக்கும், புது வெளியீடுகளை உடனே தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கும் இந்த மாதிரிக் குழு சரிப்படாது. வாரத்துக்கு ஆறு நாள் எங்கள் குழு மயான அமைதியாக இருக்கும். இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒருவர் முன்பு என்ன வாசித்தார் என்பது மற்றவர் நினைவில் நிற்க வேண்டுமே, அதற்கு மேல் போனால் நிற்பதில்லை.

போன ஞாயிறு என் வரி: "அஞ்ஞாடி, ரெண்டாம் தடவை, பக்கம் 212, தொடரும்." கண்டக்டர் அண்ணன் உடனே கேட்டார், "மஞ்சக் கறை வந்துருச்சா?"

இன்னும் வரவில்லை.