13 லட்சத்துக்கு வாங்கிய 70 லட்ச ரூபாய் வண்டி: பொள்ளாச்சியில் மூன்று வாரம்

ஷார்ஜாவில் 13 வருஷமாக ஒரு கார் ஸ்பேர் பார்ட்ஸ் குடோனில் கணக்கு பார்க்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் எந்த வண்டிக்கு எந்த பார்ட் அடிக்கடி போகும், என்ன விலை என்பதெல்லாம் தினமும் கண்ணில் படுகிற விஷயம். அதனால் லீவுக்கு வந்த மறுநாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் மாமாவின் வண்டி நின்ற கோலத்தைப் பார்த்ததுமே செலவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. முன்பக்க இடது மூலை மட்டும் இறங்கி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாதபடி கிடந்தது. மாமா ஸ்டார்ட் செய்தார், கீழே கம்ப்ரசர் ர்ர்ர் என்று ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியது, மெதுவாக வண்டி எழுந்து நின்றது. "தினமும் காலைல இப்படித்தான், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றார்.

2013 மாடல், 3 லிட்டர் வி6 டீசல், ஏர் சஸ்பென்ஷன். புதிதில் 70 லட்சத்துக்கு மேல் போன வண்டியை 1,10,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் 13 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். எந்த பிராண்ட் என்று எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற கோளாறுகள் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவை இல்லை. பத்து வயது தாண்டிய எந்தப் பெரிய எஸ்.யு.வி.யிலும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இப்படித்தான் வயதாகும்.

இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷம் கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு அங்கிருந்து பெரிய டீசல் வண்டிகள் என்.ஓ.சி. (ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு தெற்கே வந்தன. மாமாவுடையதும் அப்படி வந்ததுதான். இங்கே ஆயுள் வரி கட்டி டி.என். நம்பர் வாங்கியதைக் கணக்கில் சேர்க்காமலேயே 13 லட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியின் விலை இறங்கிவிட்டது, அதன் பார்ட்ஸ் விலை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

எட்டு மாதத்துக்கு முன்பே இதே பிரச்சினைக்கு ஒரு ஒர்க்ஷாப்பில் 85,000 கொடுத்து கம்ப்ரசர் மாற்றியிருக்கிறார். பழைய கம்ப்ரசர் ஏன் போனது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பலூன் இருக்கும், நம் ஆம்னி பஸ்ஸில் இருக்கிற மாதிரிதான். அந்த ரப்பர் மடியும் இடத்தில் வெடிப்பு விட்டால் இரவு முழுக்கக் காற்று இறங்கும். காலையில் கம்ப்ரசர் அதை நிரப்ப இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நேரம் ஓடும். சூடேறித் தேயும். ஓட்டையை விட்டுவிட்டு கம்ப்ரசரை மாற்றினால் புதுசும் அதே வழியில்தான் போகும்.

முதலில் கோவையில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏ.சி. அறை, காபி, மரியாதை எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது: முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட் (பலூனும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அசெம்பிளி), கம்ப்ரசர், லேபர், ஜி.எஸ்.டி. சேர்த்து 4,60,000. எங்கே லீக் என்று கேட்டேன். சிஸ்டத்தில் ஃபால்ட் கோட் வந்திருக்கிறது, அசெம்பிளியாகத்தான் மாற்றுவோம், பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம் இல்லை என்றார்கள். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சாய்ந்த ஒரு மூலைக்காகக் கேட்கிறவர்கள் ஓட்டையையாவது கண்ணால் காட்ட வேண்டாமா? எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமாவின் முகம் வாடிப்போனது, திரும்பி வரும் வழியில் கிணத்துக்கடவு வரை அவர் பேசவே இல்லை.

அடுத்து, தெரிந்தவர் சொல்லி, இந்த மாதிரி வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு தனியார் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். தகரக் கூரை, நாலு வண்டி நிற்கிற இடம். அந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார், அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணி கலக்கிக்கொண்டு வந்தார். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, பலூன் மேல் சுற்றிலும் அடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை மடிப்புக்குள் பிடித்து "இங்க பாருங்க" என்றார். கடுகு அளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் கிளம்பி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு சின்ன நுரைப் பூவாக ஊதிக்கொண்டே வந்தது. துடைத்தார், மறுபடி அதே இடத்தில் வந்தது. "கம்ப்ரசரக் குத்தம் சொல்லாதீங்க, காத்து இங்கதான் போகுதுங்க. வலது பக்கமும் வெடிப்பு விட்டிருக்குது, இன்னும் ஆறு மாசம் தாங்கும், அவ்வளவுதான்" என்றார்.

"ஷார்ஜால பழசு நிறைய கிடைக்குமே, அடுத்த தடவை எடுத்துட்டு வந்து மாட்டலாமா?" என்று மாமா என்னைக் கேட்டார். கிடைக்கும். இன்டஸ்ட்ரியல் ஏரியா முழுக்க வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகள்தான். கதவு, லைட், கண்ணாடி என்றால் நானே எடுத்து வருவேன். ஆனால் ரப்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாலைவன வெயிலில் பத்து வருஷம் காய்ந்த பலூனும் மாமாவின் பலூனும் ஒரே வயதுதான்.

வண்டிக் கம்பெனியுடையது அல்லாத, வெளி கம்பெனியின் புது ஸ்ட்ரட் ஒன்று 62,000, இரண்டுக்கு 1,24,000. டெல்லியிலிருந்து பார்சலில் வர ஐந்து நாள். கம்ப்ரசரை மாற்றவில்லை, பிஸ்டன் ரிங்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லும் புதிதாகப் போட்டு 14,000. கம்ப்ரசரை ஆன், ஆஃப் செய்கிற ரிலே 1,200, லேபர் 12,000. ஆக 1,51,200. பார்ட்ஸுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் இதில் கொஞ்சம் கை கொடுத்தது, இப்போது பில் இல்லாமல் வாங்க முன்னைவிடக் காரணம் குறைவு.

வண்டி லிஃப்டில் இருக்கும்போதே மற்றதையும் பார்க்கச் சொன்னேன். கியர் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சின்ன உதறல் இருந்தது. பல கார் கம்பெனிகள் கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்றன, ஆனால் 8 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தயாரிக்கிற இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் தனியாக இல்லை, அடியில் உள்ள பிளாஸ்டிக் ஆயில் தட்டோடு (பேன்) சேர்ந்தே வரும். ஆயிலும் பேனும் 38,000. வடித்த ஆயில் கருவேப்பிலையைக் கருக்கின எண்ணெய் மாதிரி இருந்தது. கியர் பெட்டியே போயிருந்தால் லட்சக்கணக்கில் போயிருக்கும், அதனால் இந்தச் செலவை நான் யோசிக்கவே இல்லை.

என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் கூடு இரண்டும் பிளாஸ்டிக், சூட்டில் மொறுமொறுத்துப் போயிருந்தன. ஹோஸோடு சேர்த்து 21,000. பேட்டரி இன்னொரு கதை. முன்பு யாரோ விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டிருந்தார்கள். இந்த வண்டிக்கு ஏ.ஜி.எம். பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழையில் ஊறவைத்த வகை) வேண்டும், மாற்றியதை ஸ்கேனரில் பதியவும் வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் கணக்கு தப்பாகி டிஸ்ப்ளேயில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கையெல்லாம் வரும். 24,000. எல்லாம் சேர்த்து 2,34,200 ஆனது. பில் கொடுத்தார்கள், கழற்றிய பழைய பார்ட்ஸை ஒரு சாக்கில் கட்டி டிக்கியிலேயே வைத்தார்கள், நாங்கள் கேட்கவே இல்லை.

லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, ஏழு பேர், ஏ.சி. ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து அசையவில்லை. அக்கா பின்சீட்டில் தூங்கிவிட்டாள், முன்பெல்லாம் இந்த வண்டியில் ஏறினாலே சாமி கும்பிடுவாளாம்.

மாமாவின் நண்பர் ஒருவர் இதே மாதிரி ஒன்றை 9 லட்சத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறார். அவரிடம், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வண்டியை ஒரு இரவு சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்னால் நீங்களே போய் நாலு மூலையிலும் விரல் வைத்து இடைவெளியைப் பாருங்கள், அப்புறம் இதே ஒர்க்ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள், வாங்கிய கையோடு செலவுக்கு மூன்று லட்சம் தனியாக வையுங்கள் என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. என்ஜினின் இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுப் பள்ளத்தில் இருக்கிற ஆயில் கூலரின் ரப்பர் சீல் கசிகிறது. சீல் விலை சில ஆயிரம்தான், அதை எட்ட மேலே உள்ளதையெல்லாம் கழற்ற வேண்டும், லேபரே 40,000. "இப்ப சொட்டலைங்க, கசியுது, பொறுக்கலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் அளவு பாருங்க, ராத்திரி அடியில அட்டை விரிச்சு வைங்க" என்றார் மெக்கானிக். மாமா அப்படியே செய்கிறார். போன வெள்ளிக்கிழமை அட்டையை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு கறை. நான் அந்த சீலின் பார்ட் நம்பரைக் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த லீவுக்கு ஷார்ஜாவிலிருந்தே புதுசாக வாங்கிப் போக வேண்டும்.