ரோலிங் அப்டேட்டா, துடைத்து நிறுவலா?

ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்ற ரோலிங் லினக்ஸ்களில் பெரிய பதிப்பு மாற்றம் என்று ஒன்றில்லை. வர வர ஏற்றிக்கொண்டே போகவேண்டியதுதான். டெபியனில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு: 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். அந்தச் சமயத்தில் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவுவோர் பலர். எது உறுதியானது என்ற பழைய சண்டை கிடக்கட்டும். வீட்டில் யூபிஎஸ் உண்டா, மாத டேட்டாவில் எவ்வளவு மிஞ்சும் என்பவைதான் யாழ்ப்பாணத்தில் முதற்கேள்விகள்.

ஆர்ச்சில் கேர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஏறும்போது, பூட் ஆகத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் புதிதாக எழுதப்படும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் கோப்பு அரைகுறையாகி, கணினி பூட் ஆகாது. லைவ் பென்ட்ரைவில் பூட் செய்து, ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி), பூட் பார்ட்டிஷன்களை மவுண்ட் பண்ணி, ஆர்ச்-சிரூட் கட்டளை வழியாகக் கெட்ட சிஸ்டத்துக்குள்ளே போகவேண்டும். பக்கேஜ்களை நிறுவும் பக்மேனின் பூட்டுக் கோப்பு மிஞ்சியிருந்தால் அழித்துவிட்டு, முழு அப்டேட்டையும் ஓட்டி, கேர்னல் பக்கேஜை மறுபடி நிறுவினால் சரி. பற்றரி நன்றாக உள்ள லப்டொப்புக்கு இந்தப் பயம் குறைவு.

மாதக்கணக்கில் தொடாமல் விட்ட ஆர்ச்சில் வேறு சிக்கல்: கையொப்பச் சாவிகள் பழசாகி, பக்கேஜ்களை ஏற்க மறுக்கும். சாவிகள் அடங்கிய ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பக்கேஜை முதலில் ஏற்றி, கையோடு முழு அப்டேட்டையும் செய்யவேண்டும். டேட்டாவை மிச்சம் பிடிக்க, பக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு மென்பொருளை நிறுவுவதுதான் மோசமான சிக்கனம். புதிய மென்பொருள் கேட்கும் நூலகம் பழசாகவே கிடக்கும், இரண்டும் பொருந்தாது.

டம்பிள்வீட் இதில் ஒரு படி மேல். பீட்டிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் நிறுவியிருந்தால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி சிஸ்டத்தின் நிலையைப் பதிந்துவைக்கும். கெட்டுவிட்டால் பூட் மெனுவில் பழைய பதிவைத் தேர்ந்து உள்ளே போய் ரோல்பேக் கொடுக்கலாம். ஆனால் அடிப்படை நூலகம் ஒன்று மாறினால் ஜிபி கணக்கில் இறங்கும். இரவு நேர டேட்டா உள்ளவர்களுக்கே கட்டும்.

துடைத்து நிறுவுவதில் ஹோம் (பயனரின் கோப்புகள் இருக்கும் இடம்) தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரூட்டுக்கு 40 ஜிபி போதும். நிறுவும்போது ஹோமைத் தேர்ந்து, ஃபோர்மட் பெட்டியில் டிக் இல்லை என்பதைப் பார்த்து, பழைய பயனர் பெயரையே முதலாவதாகக் கொடுக்கவேண்டும்; அப்போதுதான் பயனர் எண் 1000 பொருந்தும். விண்டோஸும் கூடவே இருந்தால் பூட் கோப்புகள் உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் ஃபோர்மட் செய்யக்கூடாது.

தொலைவது ஹோமுக்கு வெளியே இருப்பவைதான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் தரவுகள் வார் ஃபோல்டருக்குள் கிடப்பதால் முன்கூட்டியே டம்ப் (தரவின் நகல்) எடுக்கவேண்டும். பாமினி எழுத்துருவைக் கணினி முழுமைக்குமாக நிறுவியிருந்தால் அதுவும் போய், பழைய வினாத்தாள்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் திறக்கும். ஹோமுக்குள் இருக்கும் எழுத்துரு ஃபோல்டரில் போட்டால் தப்பும். ரெங்கநாதன் விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் பக்கேஜை மறுபடி ஏற்றவேண்டும். நிறுவியவற்றின் பட்டியலை ஏப்ட்-மார்க் ஷோமேனுவல் என்ற கட்டளை தரும்; துடைக்க முன்னர் பென்ட்ரைவில் போட்டுவைக்கவும்.

யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினிக்கும், பலர் கைபடும் ரியூசன் நிலையத்துக்கும் டெபியன்தான். அதைத் துடைக்காமலே மேலேற்றவும் முடியும், ஆனால் படிப்படியாக: 11இலிருந்து 12, பிறகே 13.