கீழடிக்கு ஒரு நாளா, நம்மூர்க் கோயில் சுவருக்கு ஒரு வருடமா?

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைத் தரவிறக்கி மூத்தவளிடம் கொடுத்த நாலாம் நாள், “சோழர் முடிஞ்சாச்சும்மா. அடுத்து யாரு?” என்று வந்து நின்றாள். நாங்கள் இருப்பது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில். அதன் மதிலைச் சுற்றி தினமும் சைக்கிள் விடுகிற பிள்ளைக்கு நாலு நாளில் சோழர் முடிந்துபோனால், தப்பு பிள்ளை மேல் இல்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற நாலு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்தால் இந்தப் பேச்சு தவறாமல் வரும்: தமிழ்நாட்டு வரலாற்றைப் புத்தகத்துக்கு வெளியே எப்படித் தொட்டுப் படிப்பது? சொல்லப்படும் வழிகளும் கிட்டத்தட்ட இவைதான். அகழாய்வு இடம், அருங்காட்சியகம் என்று பயணம் போகலாம். வீட்டிலேயே எதையாவது செய்து பார்க்கலாம். தாத்தா பாட்டியையும் பழைய பத்திரங்களையும் பிடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உள்ளூர்க் கல்வெட்டைப் படிக்கலாம். ஒன்றரை வருடத்தில் நாலையும் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னதில் தங்கிவிட்டோம். ஆகவே இது நடுநிலையான தராசு இல்லை. தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

பயணத்தின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது; மதுரைக்குப் பக்கம், நன்றாக அமைத்திருக்கிறார்கள். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர் கீறிய பானை ஓடுகளின் முன்னால் என் பெண் ரொம்ப நேரம் நின்றாள். தன் பானையில் தன் பெயரைக் கீறிவைத்த ஓர் ஆளை அவளுக்குப் புரிந்துவிட்டது. இளையவனுக்கு வேறு கணக்கு. எட்டு வயது. தானும் மண்ணைத் தோண்டலாம் என்று நம்பி, வீட்டிலிருந்து கரண்டி எடுத்து வந்திருந்தான். அகழாய்வு முடிந்த குழிகளைப் பாதுகாப்புக்காக மூடிவிடுவார்கள் என்று சொன்னதும் முகம் விழுந்தது. திரும்பி வரும்போது வண்டியில் தூங்கிவிட்டான். அடுத்த வாரம் கேட்டால், உறைகிணறும் தாயக்கட்டையும் நினைவிருந்தன. மற்றதெல்லாம் மதுரையில் சாப்பிட்ட ஜிகர்தண்டாவோடு கலந்துவிட்டது. வாடகை வண்டி, சுங்கம், சாப்பாடு என்று ஆன செலவைக் கணக்குப் போட்டால் இன்னொரு முறை சட்டென்று கிளம்ப மனம் வராது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தள்ளிவிடலாம். 1851-இல் தொடங்கிய அந்த இடத்தில், வெண்கலச் சிலைகளுக்கு மட்டும் ஒரு நாள், கல் சிற்பங்களுக்கு மட்டும் ஒரு நாள் என்று பிரித்துப் பார்க்கிற வசதி உங்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு இல்லை.

வீட்டுக் கைவேலையில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. தெர்மாகோலில் பெரிய கோயில் கட்டினோம். பிள்ளைகள் கற்றுக்கொண்டது பசை காய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை. ஒன்றே ஒன்று விலக்கு: குடவோலை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கிற சோழர் காலத்துத் தேர்தல். உத்திரமேரூர்க் கல்வெட்டு (பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921) சொல்லும் தகுதிகளை எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் தேர்தல் வைத்தோம். 35 வயதுக்கு மேல், 70-க்குக் கீழ். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் (ஊர்ச்சபைக் குழுவில்) இருந்திருக்கக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கவே முடியாது. வயதையும் நிலத்தையும் தளர்த்திவிட்டு, கணக்கு விதியை மட்டும் இறுகப் பிடித்தோம். போன மாதம் கடைக்குக் கொடுத்தனுப்பிய 50 ரூபாய்க்கு இளையவன் மீதி காட்டவில்லை. அவன் ஓலை தள்ளுபடி. “அப்ப அக்காவும் நிக்கக் கூடாது, அவ என் சொந்தம்” என்றான் ஒரே போடாக. கல்வெட்டின்படி அவன் சொன்னது சரி. அன்றைக்கு வீட்டில் வேட்பாளரே இல்லாமல் போயிற்று.

அடுத்து, பத்திரப் பெட்டி. மாமனார் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த கிரயப் பத்திரங்களில் ஒன்றில் ராஜா தலை போட்ட முத்திரை. அடுத்ததில் அசோகச் சிங்கம். ஒன்றில்கூடத் தமிழ்நாடு என்ற பெயர் இல்லை. அது எப்போது வந்தது என்று தேடப்போய், 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத் தீர்மானம், 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் 1956 நவம்பர் 1-இல் எல்லைகள் மாறிக் கன்னியாகுமரி சேர்ந்தது என்று கதை நீண்டது. நில வரிக் கணக்குக்குப் பசலி ஆண்டு என்று ஒன்று இருப்பதும் பெட்டியில்தான் தெரிந்தது. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழிக்க வேண்டும். ஜூலை 1-இல் பிறக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. தாத்தாவே இதை விரல்விட்டுச் சொல்லிக் காட்டினார். பிள்ளைகளைவிட அவருக்குத்தான் அன்றைக்குக் கொண்டாட்டம். இந்த வழியை யாருக்கும் தயங்காமல் சொல்வேன், எங்கள் பெட்டி மூன்று மாதத்தில் தீர்ந்துவிட்டது என்பதைத் தவிர. நிலம் நீச்சு இல்லாத குடும்பங்களில் பத்திரமே இருக்காது. அங்கே பெரியவர்களின் பேச்சு மட்டும் போதுமா என்பதை, நாங்கள் அப்படிச் செய்து பார்க்காததால், அடித்துச் சொல்ல மாட்டேன்.

இனி கல்வெட்டு. இதைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம்தான்: திரும்பத் திரும்பப் போகலாம். செலவு குறைவு, வீட்டுக்கு அருகில் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பாடவேளை கிடையாது, மணி அடிக்காது, பரீட்சை வந்து பிடரியில் கை வைக்காது. ஒரு விஷயம் அவர்களை மறுபடி இழுக்கவில்லை என்றால் அது அன்றோடு முடிந்தது. கீழடியில் எழுந்த கேள்விக்குப் பதில் தேட மறுபடி கீழடிக்குப் போக முடியாது. கோயில் சுவரில் எழுந்த கேள்விக்கு மறுநாள் காலை போகலாம்.

எங்கள் சுவரில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் மாதம் ஒரு எழுத்தும் ஓடவில்லை. பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது; எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும்; ‘ர’வும் துணைக்காலும் ஒரே கோடு; நடுநடுவே வடசொற்களுக்கான கிரந்த எழுத்து. எனக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் நல்ல விஷயமாகப் போயிற்று. அம்மாவும் திணறுவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம். எங்களுக்குக் கதவு திறந்தது மெய்க்கீர்த்தி வழியாக, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் ராஜாவின் புகழைச் சொல்லும் வரிகள் வழியாக. ‘ஸ்வஸ்திஸ்ரீ’க்குப் பிறகு ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் இராசராசன். ‘திருமன்னி வளர’ என்றால் இராசேந்திரன். ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன். அந்த முதல் வரியைப் பிடித்துவிட்டால் ராஜா யார் என்று தெரிந்துவிடும். இளையவன் பிராகாரத்தைச் சுற்றி ஓடி ‘திருமகள்’ தேடினான், ஒளிந்து விளையாடுவது மாதிரி.

ஒருநாள் மூத்தவள் நோட்டில் ‘கூயசு’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஆடு கூயசு. அப்படி ஒரு ஆட்டு இனமா? ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டும்போது அவளே கண்டுபிடித்தாள். கூ இல்லை, ௯. ய இல்லை, ௰. சு இல்லை, ௬. ஒன்பது, பத்து, ஆறு: 96 ஆடு.

கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிவதற்கு 96 ஆடு கொடுப்பது சோழநாட்டு வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு அவற்றைச் சொல்லும். “ஆடு எப்படிம்மா சாகாம இருக்கும்?” என்றான் இளையவன். ஆட்டை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகள் பெருகும், கிழடு கழியும், கணக்கில் மட்டும் எப்போதும் 96 நிற்கும். “பேங்க்ல போட்ட பணம் மாதிரி. வட்டியை மட்டும் எடுத்துக்கறது” என்றாள் அக்கா. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் படியை எடுத்து வைத்து அரிசியில் அளந்து பார்த்தோம்: இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கலத்துக்கு அரிசி போதாது, குறுணியோடு நிறுத்திக்கொண்டோம்.

நான் திரும்பத் திரும்ப என்று சொன்னதற்கு அர்த்தம் அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் முழுசாக விளங்கியது. வேறொரு தூண் பக்கம் நின்று இளையவன் கத்தினான்: “௪௰௮! நாப்பத்தெட்டு ஆடு! அரை விளக்கு!” அவன் சொன்னது போலவே அது அரை விளக்குக்கான கொடைதான். எட்டு வயதுப் பையன் ஆயிரம் வருடத்துக் கணக்கை வைத்து ஊகம் செய்து, அது சரியாகவும் இருந்த அந்த நிமிஷத்தை எந்தக் காட்சிக்கூடமும் எங்களுக்குத் தரவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாங்களே ஒரு தப்பு செய்தோம். எழுத்து பளிச்சென்று தெரியட்டும் என்று பையன் பச்சரிசி மாவைக் கல்லில் தேய்த்துவிட்டான். கோயில் மெய்க்காவலர் பிடித்துக் கத்தினார். கத்தியது நியாயம். மாவு, சாக்கட்டி, எண்ணெய் எதுவும் கூடாது. துடைக்கத் துடைக்க எழுத்தின் ஓரம் தேயும். தாளை நனைத்து ஒற்றி, தட்டி, மை பூசி மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினர் செய்கிற வேலை. அனுமதி இல்லாமல் நாம் கை வைக்கக் கூடாது. நமக்கு டார்ச் போதும். நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வெயில் இருந்தால் ஒரு கண்ணாடியில் வாங்கித் திருப்பலாம்.

அச்சில் வந்த பாடத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கினால் சலித்துப்போகும். 1890-இல் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் உங்கள் ஊர்க் கோயில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பழைய தொகுதிகள் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாங்கள் முதலில் கல்லைப் படித்து எழுதிவிட்டு, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். மதிப்பெண் போடுகிற வேலை கல்லுக்கே.

இன்னொன்று, எல்லா ஊரிலும் இது ஓடாது. சென்னையில் திருவல்லிக்கேணி, திருவான்மியூர், திருவொற்றியூர் என்று கல்வெட்டுள்ள கோயில்கள் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் நடுகற்கள் வயல் ஓரத்திலேயே நிற்கும். அங்கே இருந்தால் நான் அவற்றைத்தான் எடுத்திருப்பேன். பதினாலு வயதில் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு இந்த வேகம் ஒத்துவருமா என்பதை என் பெண் அந்த வயதுக்கு வந்த பிறகுதான் பேச முடியும்.

கோயிலும் அப்படியே காத்துக்கொண்டு இருக்காது. திருப்பணி என்ற பெயரில் மேற்குப் பக்கம் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில், நாங்கள் பாதி படித்து வைத்திருந்த ஒரு வரி மழுங்கிவிட்டது. மூத்தவள் நோட்டில் இருப்பதுதான் இப்போது எங்களிடம் மிச்சம். அன்றிலிருந்து எந்தச் சுவரைப் படித்தாலும் முதலில் படம் எடுத்து, தேதி போட்டு வைக்கிறாள்.

வடக்குச் சுவர் இன்னும் பாக்கி. அங்கே வருடத்தில் பாதி நாள் வெயிலே விழாது. வைகாசி, ஆனியில் சூரியன் வடக்கே ஒதுங்கி உதிக்கும்போது, காலை ஏழரை மணி வாக்கில் சுவரை உரசிக்கொண்டு வெளிச்சம் வரும். நோட்டில் அந்தப் பக்கத்துக்கு இருபது தாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.