வீட்டுக் கோழிக்கு எந்தக் கூண்டு: பஞ்சாரமா, மரக்கூடா, வலைக்கூண்டா?

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது ஏழு கோழி, ஒரு சேவல், எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி ரகம். நாலு வருஷத்தில் மூன்று விதமான அடைப்பு பார்த்துவிட்டேன். கோழி வாங்க நினைக்கிறவர்கள் சிறுவிடையா, பெருவிடையா, கருங்கோழியா என்று ஒரு மாதம் விசாரிக்கிறார்கள். எதில் அடைப்பது என்பதைக் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதற்கு ஒரு அடைக்கு வைத்த முட்டை முழுக்கப் போனது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்போது இரும்பு வலைக்கூண்டின் பக்கம்.

பஞ்சாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை. விலை குறைவு, கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் போதும், தினமும் இடம் மாற்றினால் எச்சமும் ஒரே இடத்தில் சேராது. ஆனால் ரெண்டு மூணு கோழிக்கு மேல் தாங்காது, ஐப்பசி மழையில் ஈரத் தரையில்தான் கோழி படுக்க வேண்டும். எங்கள் தெருவில் நாய்த் தொல்லை வேறு. ஒரு ராத்திரி கல்லோடு சேர்த்துப் பஞ்சாரத்தைப் புரட்டிப் போட்டு ரெண்டு விடைக்கோழியைக் கொண்டுபோய்விட்டன. அதற்கப்புறம் ராத்திரிக்குப் பஞ்சாரம் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

செங்கல் வைத்துக் கூடு கட்டுவதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது. மேலூர் பக்கம் என் சித்தப்பா காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கட்டியிருக்கிறார். கீரி, நாய் பயம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் சித்திரை வெயிலில் சுவர் வாங்கிய சூடு ராத்திரி பத்து மணிக்கும் இறங்கவில்லை, கோழிகள் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கோழிக்கு வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க முடியும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது சரிவராது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது மரக்கூடும் வலைக்கூண்டும்தான்.

மரக்கூட்டை நான் ஆசைப்பட்டுச் செய்தேன். நாலுக்கு மூணு அடி, நாலு கால், பலகைச் சுவர், மேலே ஓடு, உள்ளே முட்டையிட ரெண்டு அறை. பார்க்க அழகாக இருந்தது, வெயில் காலத்தில் குளுமையாகவும் இருந்தது. முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கோழிகள் கூட்டுக்குள் போக மறுத்தன. வாசல் வரைக்கும் வந்து நிற்கும், திரும்பிப் போய் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். பாம்பு ஏதும் புகுந்திருக்கிறதோ என்று உள்ளே முழுக்கத் துழாவினேன், ஒன்றும் இல்லை. ரெண்டு கோழிக்குக் கொண்டை வெளுத்திருந்தது. உள்ளே அடையில் இருந்த கோழி பதினாலாவது நாள் முட்டையை விட்டு எழுந்து வந்துவிட்டது, பதினொரு முட்டையும் ஆறிப் போய்விட்டன. இன்னும் ஏழு நாள் இருந்திருந்தால் குஞ்சு பொரித்திருக்கும்.

மறுநாள் ராத்திரி செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளை வேட்டித் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி முழுக்கச் சிவப்புப் புள்ளி, நசுங்கிய ரத்தம். கம்பு சுவரில் சொருகும் இடத்தில் சாம்பலும் மிளகுத்தூளும் கலந்து கொட்டியது போல ஒன்று அப்பியிருந்தது, உற்றுப் பார்த்தால் அது நகர்ந்தது. கோழிச்செள்ளு, கோழி ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி. முழங்கை வரை ஏறி, எனக்கு ரெண்டு நாள் அரிப்பு அடங்கவில்லை.

இந்தச் செள்ளு கோழி மேலேயே குடியிருக்காது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. பகலெல்லாம் பலகை இடுக்கு, ஆணி ஓட்டை, ஓட்டுக்குக் கீழே இருக்கும் சட்டம் என்று ஒளிந்திருக்கும், இருட்டினதும் வந்து ரத்தம் குடித்துவிட்டு இடுக்குக்கே திரும்பிவிடும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. கோழியைப் பிடித்து மருந்து தடவினால் மட்டும் பிரயோஜனம் இல்லை, கூட்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கூட்டைக் காலி போட்டுவிட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது, ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன், சுண்ணாம்பு அடித்தேன், கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தை ஏழு நாள் இடைவெளி விட்டு ரெண்டு தடவை தெளித்தேன். குறையும், மூணு வாரத்தில் மறுபடி வரும். நாலுக்கு மூணு அடிக் கூட்டில் எத்தனை இடுக்கு இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

நல்ல மரம் போட்டு, இடுக்கில்லாமல் இழைத்துச் செய்தால் இப்படி வராது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். என்னுடையது பேக்கிங் பலகை, அதில் கரையானும் சேர்ந்துகொண்டது.

வலைக்கூண்டைப் பட்டறையில் சொல்லிச் செய்தேன், ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. மரக்கூட்டைவிடக் கூடுதல்தான். அதே நாலுக்கு மூணு அடி, எட்டு உருப்படிக்குப் போதும், பகலில் வெளியேதானே மேயப் போகின்றன. பக்கங்களுக்கு அரை அங்குல வெல்டிங் வலை போடச் சொன்னேன். அறுகோணமாகப் பின்னிய மெல்லிய கோழி வலை மட்டும் வேண்டவே வேண்டாம், நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும். தரைக்கு முக்கால் அங்குல வலை, அதற்குக் கீழே இழுத்து எடுக்கிற தகரத் தட்டு. காலையில் தட்டை உருவி, எச்சத்தைத் தென்னைக்குப் போட்டு, சாம்பல் தூவித் திரும்பச் சொருக ஐந்து நிமிஷம். மாதம் ஒரு தடவை ஓஸைப் பிடித்து முழுக் கூண்டையும் கழுவி வெயிலில் காய விடுகிறேன். கோழி உட்காரும் கம்பைச் சேர்த்து வெல்டிங் வைக்கவில்லை, ரெண்டு கொக்கியில் சும்மா கிடக்கிறது. செள்ளு ஒளிய அந்தக் கம்பின் ரெண்டு முனைதான் இடம், கழற்றிக் கொதிநீரில் முக்கினால் தீர்ந்தது. பதினாலு மாதமாக அதே வெள்ளைத் துணிச் சோதனையை வாரம் ஒரு தடவை செய்கிறேன், இதுவரை ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. வலை மேலேயே நாள் முழுக்க நின்றால் கோழிக்குப் பாதத்தில் புண் வரும், அதனால் கம்பு கட்டாயம். மேலே தகரம் மட்டும் போட்டால் வெயிலில் வெந்துவிடும், அதன் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று போட்டிருக்கிறேன், ஆடிக் காற்றில் அதை ரெண்டு தடவை திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. மழைக்குச் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாய் தொங்கவிடுகிறேன், நாலு பக்கமும் மூடினால் எச்ச நெடி உள்ளேயே தங்கிக் கோழிக்குச் சளி பிடிக்கும். துரு எப்படிப் போகும் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை, இந்தக் கூண்டு ஒரே ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. வெல்டிங் வைத்த இடங்களில் மட்டும் லேசாகப் பழுப்பு தெரிகிறது, பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

பஞ்சாரத்தையும் தூக்கிப் போடவில்லை. குஞ்சுக் கால் தரை வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் தாயும் குஞ்சும் முதல் ஒரு மாதம் பகலில் பஞ்சாரத்தில்தான் இருக்கும், காக்காயும் பருந்தும் கிட்டே வர முடியாது. ராத்திரி அவற்றை வராந்தாவில் விட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

நீங்கள் பட்டறைக்குப் போவதாக இருந்தால் கதவு அளவை மட்டும் அவர்கள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். எனக்கு ஒரு அடிக் கதவு வைத்துவிட்டார்கள், பின் மூலையில் கிடக்கும் முட்டைக்குக் கை எட்டவில்லை, அறுத்துப் பெரிதாக்க எழுநூறு ரூபாய் தனியாகக் கொடுத்தேன். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டால் எந்த மூலையையும் தொட முடிகிறதா என்று பட்டறையிலேயே பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.