பழைய செடானை யாரிடம் கொடுப்பது? பெங்களூரில் நான் விலை கேட்ட நான்கு இடங்கள்

எங்கள் வீட்டு ஹோண்டா சிட்டி 2012 மாடல், பெட்ரோல், கேஏ 03 பதிவு, முதல் ஓனர் நான்தான், மீட்டரில் 91,000 கிலோமீட்டர். போன வருஷம் விற்க முடிவு செய்து ஒரே வாரத்தில் நான்கு இடத்தில் விலை கேட்டேன். ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் 1.70 லட்சம், வீட்டுக்கு வந்து பார்த்த ஆப் கம்பெனி 1.85, காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கும் ஏஜென்ட் 1.95, கடைசியாக ராமமூர்த்தி நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் 2.50. அதே வண்டி, அதே வாரம், 80,000 ரூபாய் வித்தியாசம். பணம் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: சாவியைக் கொடுத்த பிறகு அந்த வண்டி யார் பெயரில் ரோட்டில் ஓடுகிறது? பழைய வண்டி விற்கிற பலரும் இதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள், சிலர் யோசிப்பதே இல்லை.

எக்ஸ்சேஞ்சை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. புது வண்டி எடுக்கிற இடத்திலேயே பழையதை விட்டுவிட்டு வரலாம், அலைச்சல் இல்லை. எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று 30,000 சேர்த்துச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், புது வண்டிக்கு மட்டும் என்ன தள்ளுபடி என்று தனியாகக் கேட்டபோது அதில் 20,000 எப்படியும் கிடைக்கும் என்று தெரிந்தது. ஆக, பழைய வண்டிக்காகக் கிடைக்கிற போனஸ் பத்தாயிரம்தான். இரண்டு விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், அது போதும்.

ஆப் கம்பெனி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. வண்டி நம்பர் போட்டதும் திரையில் 2.40லிருந்து 2.70 வரை என்று காட்டியது. மறுநாள் ஒரு தம்பி வந்து ஒன்றேகால் மணி நேரம் பார்த்தார், வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். பானெட்டைத் திறந்து படம், டயர் ஒவ்வொன்றுக்கும் படம், ஏசி, பவர் விண்டோ எல்லாம் போட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலமே போன் வந்தது: 1.85. ஏன் என்று கேட்டால் இடது பின் கதவு பெயிண்ட் ஆகியிருக்கிறது, சஸ்பென்ஷன் சத்தம், வண்டி வயது என்று பட்டியல். இரண்டு நாளைக்குத்தான் இந்த விலை, அப்புறம் குறையும் என்றும் சொன்னார்கள். அந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதிரி ஆப்களில் பெரும்பாலும் நடப்பது ஏலம். நம் வண்டியின் படங்களைப் பல டீலர்களுக்குக் காட்டி அவர்கள் கேட்கிற விலையில் தங்கள் பங்கை வைத்துக்கொண்டு நமக்குச் சொல்கிறார்கள். நான்கைந்து வருஷ வண்டி என்றால் பல டீலர்கள் போட்டி போடுவார்கள், விலையும் ஏறும். பதின்மூன்று வருஷ செடானுக்கு அந்தப் போட்டி இல்லை. காரணம் எளிது: பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் லோன் தருவதில்லை, அதனால் டீலரிடம் வாங்க வருபவர் முழுப் பணமும் கையில் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அதோடு இப்போது எல்லோரும் உயரமான வண்டி தேடுகிறார்கள். செடானை எடுத்த டீலர் அதை இரண்டு மூன்று மாதம் கடையில் நிறுத்தி வைக்க நேரலாம், அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்.

ஏஜென்ட் பக்கமும் நியாயம் உண்டு. 1.95க்கு எடுத்து 2.60க்கு விற்கிறாரே என்று கோபப்படுவது சுலபம். டென்ட் எடுப்பது, பாலிஷ், சர்வீஸ், கடை வாடகை எல்லாம் அதில் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள டீலர் என்றால் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் 18 சதவீத வரியும் கட்ட வேண்டும், 2025 ஜனவரியிலிருந்து எல்லாப் பழைய வண்டிக்கும் அந்த விகிதம்தான். நம்மைப் போல் வீட்டு வண்டியை இன்னொரு வீட்டுக்காரருக்கு விற்பவருக்கு அந்த வரி கிடையாது. 1.95க்கும் 2.60க்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் நேரடி விற்பனையில் நமக்கும் வாங்குபவருக்கும் பிரிந்து போகிறது.

ஏஜென்ட் விஷயத்தில் நான் பின்வாங்கியது விலைக்காக இல்லை. "சார், ஃபார்ம் 29, 30ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, தேதி, பேரு எதுவும் எழுத வேணாம், பார்ட்டி கெடச்சதும் நாங்களே மாத்திக்கிறோம்" என்றார். வண்டியை வேறு பெயருக்கு மாற்றுவதற்கான படிவங்கள் அவை. எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்தும் சிக்னல் தாண்டியது, அதிவேகம் என்று போலீஸ் அபராதச் சலான் அவர் போனுக்கே வந்துகொண்டிருந்தது. வண்டி மூன்று கை மாறிப் போயிருந்தது, யாரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியவில்லை.

சலான் வந்தால் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. 2007ல் விற்கப்பட்ட வண்டி, அப்புறம் பல கை மாறியது, ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், பெயர் மட்டும் மாறவே இல்லை. 2009ல் விபத்து. இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் என்று தீர்ப்பு. விற்று இரண்டு வருஷம் ஆனவர் பொறுப்பானார். இதைப் படித்த பிறகு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

டீலரிடமோ ஆப் கம்பெனியிடமோதான் கொடுக்கிறீர்கள் என்றால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி. அப்படி அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலம் பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் பதிவு செய்தால், அந்த நேரத்திலிருந்து டீலரே அந்த வண்டியின் ஓனராகக் கருதப்படுவார். வண்டி விற்கும் வரை நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. "உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஏஜென்டிடம் கேட்டேன், பேச்சை மாற்றினார். ஆப் கம்பெனி உடனே சரி என்றது. அந்த ஒரு விஷயத்தில் ஆப் பக்கம்தான் என் ஓட்டு, பத்தாயிரம் குறைவாகக் கொடுத்தாலும்கூட.

நடுவில் ஓசூரிலிருந்து ஒருவர் 2.65 தருவதாகச் சொன்னார். தூரம் நாற்பது கிலோமீட்டர்தான், பேச்சும் நம் பேச்சு. ஆனாலும் வேறு மாநிலம். இங்கே என்ஓசி, அதாவது ஆட்சேபம் இல்லை என்ற சான்று, ஃபார்ம் 28ல் எடுக்க வேண்டும், அங்கே போய்த் தமிழ்நாட்டு வரி கட்டி டிஎன் நம்பர் வாங்க வேண்டும், கர்நாடகத்தில் நான் கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும். இதெல்லாம் முடியும் வரை ஆர்சி என் பெயரில். "அண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் மனசாரத்தான் சொன்னார். பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு செய்து யார் மாற்றுவார்கள் என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை, பல பேர் கேஏ நம்பரோடே ஓட்டிக்கொண்டிருப்பதை ஓசூர் ரோட்டில் தினமும் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ராமமூர்த்தி நகர்க் குடும்பத்துக்கு வருகிறேன். மகன் ஐடிஐ முடித்து வேலைக்குப் போகிறவர், அப்பா முப்பது வருஷமாக லேத் பட்டறையில் இருப்பவர். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை அருகே வரச் சொன்னேன், வீட்டு முகவரியை முதல் நாளே கொடுக்க விருப்பமில்லை. பெரியவர் என்னிடம் எதுவும் பேசாமல் நேராகப் பின் கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை விரலால் மெல்ல இழுத்து உள்ளே பார்த்தார். ரப்பருக்குக் கீழே மெலிதாக ஒரு பெயிண்ட் கோடு. "சார், இந்தக் கதவு ஒருதடவ அடி வாங்கியிருக்கு இல்ல?" ஆமாம், 2019ல் சில்க் போர்டு சிக்னலில் ஒரு ஆட்டோ உரசியது, பில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அப்புறம் ஆயில் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கம் பார்த்தார், மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தால் இன்ஜினில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம், அது இல்லை. டிக்கியில் மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைத் தடவிப் பார்த்தார், துரு இல்லை. ஆப் கம்பெனித் தம்பி ஒன்றேகால் மணி நேரத்தில் பார்த்ததை இவர் இருபது நிமிஷத்தில் பார்த்துவிட்டார். வித்தியாசம் என்னவென்றால், அதே கதவை ஒருவர் விலை குறைக்கக் காரணமாக்கினார், இன்னொருவர் நான் உண்மை சொல்கிறேனா என்று பார்க்கப் பயன்படுத்தினார். 2012லிருந்து வைத்திருந்த சர்வீஸ் பில் ஃபைல் இங்கேதான் பணமாக மாறியது. ஆப்புக்கும் ஏஜென்டுக்கும் அந்த ஃபைல் வெறும் காகிதம்.

அவர்கள் கேட்ட கேள்விகளும் நியாயமானவை. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் போட்டால் இந்த வண்டி தாங்குமா? 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் பலவும் அதற்கென்று செய்யப்பட்டவை இல்லை என்பதை மறைக்காமல் சொன்னேன், பெட்ரோல் ஹோஸ் மாற்றிய பில்லையும் காட்டினேன். 2027ல் பதினைந்து வருஷம் முடிந்தால் என்ன செய்வது? டெல்லியில் போட்ட மாதிரி வயதை வைத்து ஓட்டக் கூடாது என்ற உத்தரவு இங்கே கிடையாது, எஃப்சி என்ற தகுதிச் சான்று காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம், கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆக ஏறியது. அந்தச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் 2.75 கேட்ட நான் 2.60க்கு இறங்கினேன், அவர்கள் 2.50ல் நின்றார்கள், சரி என்றேன்.

நேரடி விற்பனையில் சிரமம் இல்லாமல் இல்லை. விளம்பரம் போட்ட பத்து நாளில் நாற்பது போன் வந்திருக்கும், பாதிப்பேர் படத்தைக்கூடப் பார்க்காமல் "கடைசி ரேட் என்ன" என்று கேட்டவர்கள், பலர் ஏஜென்டின் ஆட்கள். போட்டோவில் நம்பர் பிளேட்டை மறையுங்கள், ஆர்சி நகலை வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், டெஸ்ட் டிரைவுக்கு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இதற்கெல்லாம் நேரம் இல்லை, ஊரை விட்டுக் கிளம்புகிறீர்கள் என்றால் 29சி போடுகிற இடத்தில் கொடுத்துவிடுவதே நல்லது, அந்த அறுபத்தைந்தாயிரத்தை நிம்மதிக்குக் கொடுத்த விலையாக வைத்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் செய்தவற்றையும் சொல்கிறேன். லோன் 2017லேயே முடிந்திருந்தாலும் ஆர்சியில் வங்கி பெயர் அப்படியே இருந்தது, ஃபார்ம் 35 கொடுத்து நீக்கினேன், அதற்கே மூன்று வாரம். எச்எஸ்ஆர்பி என்ற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இல்லாமல் கர்நாடகத்தில் பெயர் மாற்றம் நடக்காது, அதையும் போட்டேன். ஃபாஸ்டேக் கணக்கை மூடினேன். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸ் கடிதம் வாங்கினேன், என்னுடையது 50 சதவீதம், மூன்று வருஷத்துக்குள் எடுக்கிற புது வண்டி பாலிசியில் அது கழியும். இது வண்டிக்கு உரியது இல்லை, ஓனருக்கு உரியது, வாங்குபவருக்குப் போகாது. எக்ஸ்சேஞ்சோ ஆப்போ இதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பணத்தை வங்கி வழியாக ஆர்டிஜிஎஸ்ஸில் வாங்கினேன். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை, பெரியவர் மஞ்சள் பையில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்ததைத் திருப்பி வங்கியில் போடச் சொன்னேன், அவருக்கு முதலில் சங்கடம்தான். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். நாங்கள் மூன்றாவது நாளே ஒன்றாக உட்கார்ந்து பரிவாகனில் விண்ணப்பம் போட்டோம், என் போனுக்கு வந்த ஓடிபியை நானே போட்டேன். முதல் நாள் டோக்கனாகக் கொடுத்த 10,000 ரூபாயை விலையில் கழிக்காமல் டெபாசிட்டாக என்னிடம் இருக்கட்டும், பெயர் மாறியதும் திருப்பித் தருகிறேன் என்று பேசியிருந்தோம், அதை டெலிவரி நோட்டிலும் எழுதிக்கொண்டோம். கைமாறிய தேதி, நேரம், மீட்டர் அளவு, இருவர் கையெழுத்து எல்லாம் அதிலேயே இருக்கிறது. பத்தொன்பதாவது நாள் பெயர் மாறிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், ஓனர் இடத்தில் அந்தப் பையன் பெயரின் முதல் எழுத்துகள். அன்று மாலையே பத்தாயிரத்தை அனுப்பிவிட்டேன், ஒரு மணி நேரம் கழித்துப் பெரியவர் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நிற்கிற எங்கள் வண்டியின் படத்தை அனுப்பியிருந்தார்.