சர்ச்சில்: கரடிக்குப் போவதா, திமிங்கிலத்துக்கா, வான ஒளிக்கா?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சிற்றூர் சர்ச்சில். 2021 கணக்கெடுப்பில் மொத்தம் 870 பேர். சாலை வழியாக அங்கே போகவே முடியாது. மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், ரயிலில் சுமார் 1,700 கி.மீ., இரண்டு நாள். அக்டோபர்-நவம்பரில் பனிக்கரடி, ஜூலை-ஆகஸ்டில் பெலுகா திமிங்கிலம், பிப்ரவரி-மார்ச்சில் வடதுருவ ஒளி என்று மூன்று சீசன்கள். இவ்வளவு தூரம் போவதென்றால் எதற்குப் போவது?

பெரும்பாலானோர் யோசிக்காமல் கரடி என்பார்கள். அதற்கு நல்ல காரணமும் உண்டு. சர்ச்சில் ஆற்றின் நன்னீர் விரிகுடாவில் கலப்பதால், அந்தப் பகுதியில் கடல் சீக்கிரமே உறையத் தொடங்குகிறது. கோடை முழுக்கச் சரியான இரையின்றிக் கரையில் கிடந்த கரடிகள், பனி இறுகியதும் சீல் வேட்டைக்கு இறங்கிவிடலாம் என்று அங்கே வந்து காத்திருக்கும். ஆள் உயரச் சக்கரம் வைத்த டண்ட்ரா வண்டிகளில் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கலாம். சில கரடிகள் வண்டியருகே வந்து, பின்னங்காலில் எழுந்து நின்று மோப்பம் பிடிக்கும். காட்டு விலங்கை இவ்வளவு நெருக்கத்தில், பாதுகாப்பாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

ஊரும் அந்தக் கரடிகளை வைத்தே வாழப் பழகியிருக்கிறது. தெருவில் கரடி எதிர்ப்பட்டால் யாரும் ஓடி ஏறிக்கொள்ளட்டும் என்று பலர் கார் கதவைப் பூட்டுவதில்லை. ஊருக்குள் திரும்பத் திரும்ப வரும் கரடிகளைப் பிடித்து அடைத்து வைக்கத் தனிக் கட்டடம் உண்டு. ஹாலோவீன் பண்டிகை இரவில் பிள்ளைகள் வேடமிட்டு, மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும்போது, சுற்றிலும் ரோந்து வண்டிகள் காவல் நிற்கும்.

ஆனால் இந்த சீசனின் செலவை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு போகும் பயணங்கள் பல ஆயிரம் டாலர் பிடிக்கும், அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். பகல் பொழுது பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே கழியும், இறங்கி நடக்க முடியாது. இன்னொன்று மனதை உறுத்துகிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016இல் 842 ஆக மதிப்பிடப்பட்ட கரடிகள், 2021இல் 618 ஆகக் குறைந்துவிட்டன. கடல்பனி முன்னதாகவே உருகுவதும் தாமதமாக உறைவதும் அவற்றின் பட்டினி நாட்களை நீட்டிக்கொண்டே போகின்றன. அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வடதுருவ ஒளியை இந்தப் போட்டியில் நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். ஒளி குறைந்ததல்ல. இந்த ஒளி அடிக்கடி தோன்றும் அரோரா வளையத்துக்கு நேர் கீழே சர்ச்சில் இருக்கிறது, பிப்ரவரி-மார்ச்சில் வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆனால் அதே ஒளியைக் கனடாவின் இன்னொரு வடக்கு நகரமான யெல்லோநைஃபிலும் பார்க்கலாம். அந்த நகரத்துக்குச் சாலை இருக்கிறது, பெரிய விமானங்கள் இறங்குகின்றன, இரவில் அழைத்துப் போகிறவர்களும் அங்கே நிறையப் பேர். ஒளி மட்டும்தான் வேண்டும் என்றால் சர்ச்சில் வரை வரத் தேவையில்லை. நாய்ச்சறுக்கு வண்டியில் போக ஆசை, மைனஸ் 30 டிகிரியும் பொருட்டில்லை என்றால் வரலாம்.

என் தேர்வு கோடைக்காலம். ஜூன் நடுவிலிருந்தே பெலுகாக்கள் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வரத் தொடங்கும். குட்டிகளோடு வரவும், தோல் உரிக்கவும், இரை தேடவும் அவற்றுக்கு அந்த வெதுவெதுப்பான ஆழம் குறைந்த நீர் தோதாக இருக்கிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் மட்டும் 50,000க்கு மேல் இருப்பதாக மதிப்பீடு, அவற்றில் ஆயிரக்கணக்கானவை சர்ச்சில் ஆற்றுக்கே வருகின்றன. பெரியவை பால் வெள்ளை, குட்டிகள் சாம்பல் நிறம். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போனால் நாம் துரத்தவே வேண்டாம். சும்மா மிதந்தாலே போதும், அவையே ஆர்வத்தோடு கிட்ட வரும். நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கும் படகில் ஏறினால் கீச்சொலியும் விசிலும் சொடுக்குச் சத்தமும் இடைவிடாமல் கேட்கும். கரடி சீசனில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். இங்கே அதே தண்ணீரில் நாமும் இருக்கிறோம். என் மனம் சாய்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் கோட்டை. ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டைக்குக் கோடையில் படகில் போகலாம். ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம் 1731இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கட்டிய நட்சத்திர வடிவக் கற்கோட்டை அது. 1782இல் மூன்று பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வந்து நின்றதும், ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்துவிட்டது. பீரங்கிகள் இன்னும் மதில் மேல் வரிசையாக நிற்கின்றன.

கோடையிலும் கரடி கண்ணில் படலாம், கரைப் பாறைகளில் படுத்துக் கிடக்கும். அதனால்தான் கடற்கரையில் தனியாக நடக்கக் கூடாது. ஆகஸ்ட் கடைசியில் இரவு இருட்டத் தொடங்கிவிடும், மேகம் இல்லையென்றால் வான ஒளியும் வரும். கொசுவும் கருப்பு ஈக்களும்தான் தொல்லை. தலையை மூடும் வலை இல்லாமல் போகாதீர்கள்.

எந்த சீசனில் போனாலும் இட்சனிடாக் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1944இல் தொடங்கிய சின்ன இடம், ஆனால் வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் எலும்பு, கல், தந்தச் செதுக்கல்கள் கண்ணாடிப் பேழைகளில் நிறைந்திருக்கும். ஊருக்கு வெளியே, இன்னொரு பூர்வகுடியினரான டெனே மக்களின் கிராமம் இருந்த இடத்தையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். 1956இல் அரசாங்கம் சயிசி டெனே என்ற அவர்களில் ஒரு பிரிவினரை அவர்களுடைய வேட்டை நிலத்திலிருந்து பெயர்த்து சர்ச்சிலில் கொண்டுவந்து விட்டது. வறுமையிலும் புறக்கணிப்பிலும் பலர் இறந்தார்கள். 1973இல் மிஞ்சியவர்கள் தாங்களாகவே கிளம்பி டடூல் ஏரிக்கரையில் குடியேறினார்கள். கனடாவின் மத்திய அரசு மன்னிப்புக் கேட்க 2016 ஆகிவிட்டது. இந்த ஊரைப் பற்றிய விளம்பரங்களில் கரடியைப் பார்க்கலாம், இவர்களைப் பார்க்க முடியாது.

சரி, எப்படிப் போவது? நேரம் குறைவென்றால் விமானம். மலிவாக வேண்டுமென்றால் மனிடோபாவின் வடக்கில் உள்ள தாம்சன் ஊர் வரை காரில் போய், அங்கிருந்து இரவு ரயில் பிடிக்கலாம். உறைநிலமும் சதுப்பும் மாறி மாறி வருவதால் ரயில் மெதுவாகத்தான் போகும், பல மணி நேரம் தாமதமாவதும் உண்டு. 2017 வெள்ளத்தில் பாதை அரித்துப்போய், 2018 இறுதிவரை ரயிலே ஓடவில்லை. அதனால் திரும்பி வரும் நாளிலேயே வின்னிபெக்கிலிருந்து அடுத்த விமானம் பதிவு செய்யாதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.